வாசலில் பிசாசு, வீட்டுக்குள் மூட்டை!

நடு ராத்திரி. கதவு தட்டுகிற சத்தம்.

"யாரு?"

"நான்."

நம்ம ஊர் வழக்கமும் இதுதானே! யாரு என்று கேட்டால் 'நான்தான்' என்பார்கள். என்னவோ உலகத்துக்கே ஒரே ஒரு 'நான்'தான் இருக்கிற மாதிரி. நாமும் தாழ்ப்பாளைத் திறந்துவிடுவோம். பக்கத்து வீட்டு மாமா, சீட்டுப் பணம் கேட்டு வந்தவர், சாவியை மறந்துவிட்டுப் போன ரூம்மேட்... எல்லாம் ஆபத்தில்லாத 'நான்'கள்.

மா தாசானும் திறந்தான். நெற்றியில் துப்பாக்கி முனை!

இடம், வட சீனா. சீனப் பெருஞ்சுவர் போய்க் கடலைத் தொடுகிற ஷான்ஹாய்குவான் பக்கம் ஒரு குக்கிராமம். காலம், 1944-45 குளிர்காலம். சீனப் புது வருஷத்துக்கு இன்னும் ஐந்தே நாள். 'கண்ணை மூடு' என்கிறது குரல். மூடிக்கொள்கிறான். தொம், தொம் என்று இரண்டு மூட்டைகள் வந்து விழுகின்றன. 'பத்திரமா வெச்சுக்கோ. வருஷக் கடைசி ராத்திரி வந்து எடுத்துக்கறேன். அதுக்குள்ள விசாரிச்சு வாக்குமூலம் வாங்கி வை. மூட்டைக்கு ஏதாவது ஆச்சு, நீங்க யாரும் உசிரோட இருக்க மாட்டீங்க.'

கண்ணைத் திறந்தால், ஆள் இல்லை.

மூட்டையை அவிழ்த்தால் ஒன்றில் ஒரு ஜப்பானிய சிப்பாய். இன்னொன்றில் ஜப்பான்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்க்கிற சீனாக்காரன். கை கால் கட்டி, வாயை அடைத்து, உயிரோடு!

கிராமத்துக்குப் பக்கத்திலேயே ஜப்பான்காரர்களின் காவல் கோட்டை. ஓங்கிக் கத்தினால் கேட்டுவிடுகிற தூரம்.

ஆபீஸில் குப்பை கொட்டுகிற நண்பர்களுக்கு இந்த நிலைமையை விளக்கவே வேண்டாம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு யாரோ ஒருத்தர் வந்து, ஒரு ஃபைலை நம் மேஜையில் வைத்துவிட்டு, 'பெரிய இடத்து சமாசாரம்... பத்திரமா வெச்சிருங்க, கேக்கும்போது குடுங்க' என்று போய்விடுவார். யார் சொன்னது? தெரியாது. எழுத்தில் உத்தரவு உண்டா? கிடையாது. வாங்கிக் கொண்டதற்கு அத்தாட்சி? ஊஹூம். ஆனால் தொலைந்தால் மட்டும் மெமோ நமக்கு. மா தாசானுக்கு மெமோ இல்லை, தலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜியாங் வென் டைரக்ட் செய்து, மா தாசானாகவும் நடித்து, 2000-ல் வெளிவந்த 'டெவில்ஸ் ஆன் தி டோர்ஸ்டெப்' படம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. சீனப் பெயருக்கு அர்த்தம், 'பிசாசு வந்துட்டான்!' அந்நியர்களைப் 'பிசாசு' என்று திட்டுவது சீனாவில் பழைய வழக்கம். முதலில் வெள்ளைக்காரனைச் சொன்னார்கள். யுத்த காலத்தில் அந்தப் பட்டம் ஜப்பான்காரனுக்குப் போயிற்று. யோ ஃபெங்வெய் எழுதிய 'பிழைப்பு' என்கிற நாவலிலிருந்து எடுத்த கதை. நாவலின் பெயர்தான் படத்துக்கு இன்னும் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் இந்தக் கிராமத்துக்காரர்களுக்கு நாடு, கொடி, புரட்சி எதைப் பற்றியும் கவலை இல்லை. பிழைத்துக் கிடக்க வேண்டும். அவ்வளவே.

யுத்தப் படம் என்றால் நம் கண் முன்னால் என்ன வரும்? டாங்கி, விமானம், 'சார்ஜ்!' என்று கத்திக்கொண்டு ஓடுகிற ஹீரோ. இதில் முதல் காட்சியில் வருவது பாண்டு வாத்தியம்! ஜப்பானியக் கடற்படை பாண்டுக்காரர்கள் வரிசையாக, தாளம் தப்பாமல் வாசித்தபடி ஊரைக் கடந்து போகிறார்கள். காவல் கோட்டை அதிகாரி ஊர்க் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறார். பெரியவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் சிப்பாய் ஊருக்குள் வந்து எடுத்துக்கொண்டு போகிறான். யாரும் யாரையும் சுடவில்லை.

இதுதான் படத்தில் எனக்கு முதலில் உறைத்த இடம். ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தது 1931-ல். முழு யுத்தம் மூண்டது 1937 ஜூலையில். கதை நடக்கும்போது அந்நிய ராணுவம் வந்து எட்டாவது வருஷம் ஓடுகிறது. எட்டு வருஷம் என்றால் ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போகிற காலம். பயந்து பயந்தே பயமும் ஒரு பழக்கமாகிப் போயிருக்கும். மழை, வெயில், ஜப்பான்காரன் என்கிற மாதிரி அதுவும் ஒரு பருவ நிலை. எத்தனை மணிக்கு பாண்டு வரும், எப்போது குனிய வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் அத்துப்படி. இந்த டைம்டேபிளுக்கு நடுவில்தான் இரண்டு மூட்டைகள் வந்து விழுகின்றன.

சரி, என்ன செய்வது? ஊர்க்கூட்டம்!

இந்தக் கூட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு சின்ன அறை, ஒரு எண்ணெய் விளக்கு, பத்துப் பேர் ஒரே சமயத்தில் கத்துகிறார்கள். ஜப்பான்காரனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா? மூட்டை கொடுத்த 'நான்' வந்து கொல்லுவான். வைத்துக்கொண்டிருந்தால்? ஜப்பான்காரன் கொல்லுவான். கொன்று புதைத்துவிட்டால்? 'நான்' வந்து கணக்குக் கேட்டால் என்ன பதில்? சரி, அந்த 'நான்' யார்? கெரில்லாப் படையா? கம்யூனிஸ்டா? வேறு யாராவதா? மா தாசானுக்குத் தெரியாது. கண்ணை மூடு என்றார்கள், மூடிக்கொண்டான். 'ஏண்டா, ஒரு தடவை திறந்து பாத்திருக்கக் கூடாதா?' என்கிறார்கள். எல்லா ஊர்க்கூட்டத்திலும் இந்தக் கேள்வி கேட்க ஒருத்தர் இருப்பார்.

கையில் அருவாளோடு வீரம் பேசுகிற ஒரே ஆள், நடக்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிற ஒரு கிழவர். கொஞ்சம் மூளை பிசகினவர். 'என்கிட்ட விடுங்கடா, ஒரு கைக்கு ஒருத்தனா கழுத்தை நெரிச்சுக் குழி தோண்டிப் புதைச்சுடறேன்' என்று நாள் பூராவும் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். யாரும் கண்டுகொள்வதில்லை. சீன சினிமா அதிகாரிகளுக்கு இந்தப் படத்தின் மேல் கோபம் வந்ததற்கு இவர் ஒருத்தரே போதும் என்று நினைக்கிறேன். தேசபக்தி பேசுகிற வசனத்தையெல்லாம் தூக்கி ஒரு பைத்தியத்தின் வாயிலா கொடுப்பது!

விசாரணைக் காட்சிதான் உச்சம். சிப்பாயின் பெயர் ஹனாயா. பிடிபட்டது அவனுக்கு மகா அவமானம். மரியாதையாகச் செத்துவிட வேண்டும் என்று துடிக்கிறான். தலையை முட்டிக்கொள்கிறான், சாப்பிட மறுக்கிறான். 'கொல்லுங்கடா என்னை, கோழைகளா!' என்று ஜப்பானிய மொழியில் கர்ஜிக்கிறான். நடுவில் இருக்கிற மொழிபெயர்ப்பாளன் தோங்குக்கு அடிவயிறு கலங்குகிறது. இவனை வெட்டினால் பக்கத்து மூட்டையை மட்டும் விட்டு வைப்பார்களா? எனவே சிப்பாய் உறுமுகிறதையெல்லாம் அவன் பவ்யமாக மாற்றிச் சொல்கிறான். 'ஐயா இவர் சீனாவுக்கே புதுசு... ஒருத்தரையும் கொன்னதில்லை... சமையல்காரருங்க...' ஊர்க்காரர்கள் தலையாட்டி எழுதிக்கொள்கிறார்கள்.

ஹனாயாவுக்குச் சந்தேகம். நான் இவ்வளவு திட்டியும் எவனுக்கும் கோபம் வரவில்லையே? 'சீன மொழியில ரொம்ப மோசமான கெட்ட வார்த்தை எதுன்னு சொல்லிக் குடு' என்கிறான். தோங் சொல்லிக் கொடுக்கிறான். ஹனாயா மனப்பாடம் செய்து, கண் சிவக்க, நரம்பு புடைக்க, ஊர்க்காரர்களைப் பார்த்துக் கத்துகிறான்.

அதற்கு அர்த்தம்: 'அண்ணே, அண்ணி, புத்தாண்டு வாழ்த்துக்கள்! நீங்க எனக்குத் தாத்தா, நான் உங்க பிள்ளை!'

ஊர்க்காரர்கள் திகைத்துப் போகிறார்கள். இவ்வளவு மரியாதையான வார்த்தையை ஏன் இவ்வளவு ஆத்திரமாகச் சொல்கிறான்? அதற்கும் பதில் தயார். ஜப்பான்காரன் சந்தோஷமா இருந்தாலும் கோபமா இருந்தாலும் அவன் குரல் இப்படித்தான்!

வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் சிரித்து முடித்ததும் கொஞ்சம் திக்கென்று இருக்கும். இந்த ஒரு பொய் மொழிபெயர்ப்புதான் இத்தனை பேரையும் உயிரோடு வைத்திருக்கிறது. ஒருத்தருக்கொருத்தர் நிஜமாகவே புரிந்துவிட்டால் அன்றைக்கே ரத்தம்.

வருஷக் கடைசி ராத்திரி வருகிறது. 'நான்' வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மாதம் ஓடுகிறது. ஆறு மாதம்!

காமர்ஸ் படித்த புத்தி, எனக்கு இங்கே கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. மூட்டைகள் சாப்பிடுமே! அதுவும் ஆள் மெலிந்தால் 'நான்' வந்து சண்டை பிடிப்பான். கிராமத்தில் எல்லாரும் அரைப் பட்டினி. ஆனால் கைதிக்கு வெள்ளை மாவில் செய்த கொழுக்கட்டை வேண்டும். மா தாசான் வீடு வீடாகப் போய் மாவு கடன் கேட்கிறான். அதில் ஒரு பெரிய சச்சரவு. ஒவ்வொரு கிண்ணம் மாவும் ஊரின் நினைவில் பற்று எழுதப்படுகிறது. எதிரியைப் பிடித்துக் கட்டி வைத்த வீரக் கிராமம், எதிரிக்கே சோறு போட்டுத் திவாலாகிக்கொண்டிருக்கிறது. ராணுவங்கள் கட்டளையை மட்டும் கொடுக்கும், செலவை எப்போதும் குடியானவன் தலையில் எழுதும் என்பதை இவ்வளவு சில்லறைக் கணக்காக வேறு எந்தப் படமும் காட்டி நான் பார்த்ததில்லை.

கடைசியில் கொன்றுவிடுவது என்று முடிவாகிறது. யார் கொல்வது? சீட்டுக் குலுக்கிப் போட, அதுவும் மா தாசானுக்கே விழுகிறது. ராத்திரி அழைத்துக்கொண்டு போகிறான், திரும்பி வந்து முடிந்தது என்கிறான். முடியவில்லை. கை வராமல், இரண்டு பேரையும் பெருஞ்சுவரின் பழைய காவல் கோபுரத்தில் ஒளித்து வைத்து ரகசியமாகச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறான். அவனுடைய காதலி யூ-எர் ஒரு விதவை, கர்ப்பமாக வேறு இருக்கிறாள். அந்த நேரத்தில் கொலை செய்தால் வயிற்றுப் பிள்ளைக்குப் பாவம் என்கிற பயமும் சேர்ந்துகொள்கிறது. (யூ-எருக்கு டைரக்டர் இன்னும் கொஞ்சம் வேலை கொடுத்திருக்கலாம். அழுவதும் பயப்படுவதும் தவிர அந்தப் பெண்ணுக்குப் படத்தில் அதிகம் இல்லை.)

குட்டு வெளிப்பட்டதும், வெளியூரிலிருந்து ஒரு தொழில்முறை ஆளை வரவழைக்கிறார்கள். மன்னர் காலத்தில் தலை வெட்டும் உத்தியோகம் பார்த்த கிழவர். பெயர், 'ஒரே வெட்டு லியூ'! பட்டப் பெயரைப் பார்த்தாலே சர்வீஸ் ரெக்கார்டு தெரியும். அவர் கத்தி இறங்குவது ஒரு தென்றல் மாதிரி இருக்குமாம். வெட்டுண்ட தலை ஒன்பது தரம் உருண்டு, மூன்று தரம் கண் சிமிட்டி, வலிக்காமல் வெட்டியதற்கு நன்றியாக ஒரு புன்னகை செய்யுமாம். ஏக பில்டப்புக்குப் பின் அவர் கத்தியை வீசுகிறார்.

தவறிவிட்டது! 'விதி முடியலை, விட்டுடுங்க' என்று கிளம்பிப் போய்விடுகிறார்.

தலை உருளுவதைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹனாயா இப்போது பழைய ஹனாயா இல்லை. செத்துப் போக வேண்டும் என்ற வெறி தணிந்துவிட்டது. தன் ஊரில் அவனும் ஒரு விவசாயிதான். உயிர் மேல் ஆசை வந்தாயிற்று, இவர்கள் மேல் நன்றியும் வந்தாயிற்று. அவனே ஒரு யோசனை சொல்கிறான். 'என்னை என் படையில கொண்டு போய் விடுங்க. இத்தனை நாள் சோறு போட்டதுக்கு வண்டியில தானியம் வாங்கித் தரேன்.'

ஊர்க்காரர்களுக்குக் கண் விரிகிறது. உடனே ஓர் ஒப்பந்தம் எழுதப்படுகிறது. எழுத்து மூலமாக! படத்தில் முதல் தடவையாக அவர்கள் கையில் ஒரு ரசீது கிடைக்கிறது. கொடுத்த சாப்பாட்டுக்கு ஈடாகத் தானியம், நியாயமான வியாபாரம். அந்த முகங்களில் ஒரு நிம்மதி தெரிகிறது பாருங்கள்... துப்பாக்கி முனையில் பேசின உலகம் போய், கொடுக்கல் வாங்கல் பேசுகிற உலகம் வந்துவிட்டது என்று நம்பிவிட்டார்கள்.

பாவம்.

முகாமில் ஹனாயாவுக்குக் கிடைத்த வரவேற்பு, அடி உதை. அவன் வீர மரணம் அடைந்ததாக ஏற்கெனவே ஊருக்குச் சொல்லி, மரியாதையெல்லாம் முடிந்துவிட்டது. செத்துப் போன மாவீரன் உயிரோடு வந்து நின்றால் படைக்கே அவமானம் இல்லையா? (ரிடயர் ஆனவருக்குப் பிரிவுபசார விழா நடத்தி மோதிரம் போட்ட பிறகு, திங்கட்கிழமை அவர் வந்து அட்டெண்டன்ஸில் கையெழுத்துப் போட்டால் மேனேஜர் முகம் எப்படி இருக்கும்!) ஆனால் கமாண்டர் சகாட்சுகா, ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, 'ஜப்பானிய ராணுவம் சொன்ன சொல் காப்பாற்றும்' என்கிறார். காப்பாற்றுகிறார். தானிய வண்டிகள் கிராமத்துக்கு வருகின்றன. கூடவே படையும், கடற்படை பாண்டும், சாராயமும்.

அந்த விருந்துக் காட்சியை நான் முழுக்க விவரிக்கப் போவதில்லை. இரண்டு பக்கமும் குடிக்கிறார்கள். பாட்டுப் பாடுகிறார்கள். கிராமத்துக்காரர் ஒருவர் போதையில் கமாண்டரிடம் உரிமையாகப் பழகுகிறார். மா தாசான் மட்டும் யூ-எரைக் கூட்டி வரப் போயிருக்கிறான். 'ஹனாயாவைப் பிடிச்சது யார்? இந்த மா எங்கே போனான்? கெரில்லாக்களைக் கூட்டி வரவா?' என்று கமாண்டர் சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பிக்கிறார். அந்தச் சிரிப்பு எந்த நிமிஷத்தில் நின்றது என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. விருந்து எங்கே முடிந்தது, கொலை எங்கே ஆரம்பித்தது என்று கோடு போட முடியாதபடி எடுத்திருக்கிறார் ஜியாங் வென். ஆண், பெண், குழந்தை, கிழவர் யாரும் மிச்சமில்லை. ஆறு மாதம் அவர்கள் கையால் சாப்பிட்ட ஹனாயாவும் கத்தியைத் தூக்குகிறான்.

எல்லாம் எரிந்து முடிகிற நேரத்தில், கமாண்டர் ஒரு செய்தி சொல்கிறார். ஜப்பான் சரணடைந்துவிட்டது. சக்கரவர்த்தியே அறிவித்தாயிற்று. 1945 ஆகஸ்ட் 15-ம் தேதி விஷயம். கத்தியை உருவுவதற்கு முன்பே அவருக்கு அது தெரியும்!

அதாவது, யுத்தம் முடிந்த பிறகு நடந்த படுகொலை. எதிரி இல்லை, லாபம் இல்லை, ராணுவக் காரணம் ஒன்றுகூட இல்லை. ஒப்பந்தப்படி தானியம் பைசல். பிறகு, தங்கள் அவமானத்துக்கு யாராவது விலை கொடுத்தாக வேண்டும், அதுவும் பைசல்.

'இதெல்லாம் சினிமாவுக்காக மிகைப்படுத்தினதுப்பா' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தக் கிராமம் கற்பனைதான். ஆனால் கதை நடக்கிற அதே ஹெபெய் மாகாணத்தில், 1941 ஜனவரியில் பான்ஜியாயூ என்கிற கிராமத்தை ஜப்பானியப் படை சுற்றி வளைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கெரில்லாக்களுக்கு இடம் கொடுக்கிற கிராமம் என்று சந்தேகம் வந்தாலே போதும். வட சீனாவில் ஜப்பான் நடத்திய இந்த வேட்டைக்குச் சீனர்கள் வைத்த பெயர் 'மூன்று எல்லாம்'. எல்லாரையும் கொல், எல்லாவற்றையும் எரி, எல்லாவற்றையும் கொள்ளையடி.

நமக்கும் இந்தப் பிசாசு கொஞ்சம் பரிச்சயம்தான். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிற்றே, 'எவாகுவேஷன்' என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இங்கே வரவில்லை. மலாயாவுக்குப் போனான். அங்கே தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களை சயாம்-பர்மா ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனதும், ஆயிரக்கணக்கில் அவர்கள் திரும்பி வராததும் தனிக்கதை. அவர்களுக்கும் யாரும் ரசீது கொடுக்கவில்லை.

படத்துக்கு வருவோம். இன்னும் முடியவில்லை.

ஜப்பான் போய், சீன தேசிய அரசின் ராணுவம் ஊருக்கு வருகிறது. ஒரு மேஜர் மேடை ஏறி நீளமாகப் பிரசங்கம் செய்கிறார் (இந்த இடம் கொஞ்சம் இழுவை). மொழிபெயர்ப்பாளன் தோங்குக்குத் துரோகி என்று பகிரங்க மரண தண்டனை. சிறைப்பட்ட ஜப்பானிய சிப்பாய்கள் முகாமில் பத்திரமாக இருக்கிறார்கள். சரணடைந்தவர்களைக் காப்பாற்றுவது சட்டம். ஊரே எரிந்துபோன மா தாசான், சிகரெட் விற்கிறவனாக முகாம் வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே புகுந்து கோடாலியால் வெட்டித் தள்ளுகிறான். ஒரு மூட்டையைக் கொல்லத் தைரியம் இல்லாமல் ஆறு மாதம் சோறு போட்ட அதே ஆள்!

பிடிபடுகிறான். மரண தண்டனை. இவனைக் கொல்ல ஒரு சீனச் சிப்பாயின் கையை அசுத்தப்படுத்துவானேன் என்று, ஜப்பானியக் கைதி ஒருவனையே வெட்டச் சொல்கிறார் மேஜர். கத்தி யார் கைக்குப் போகிறது?

ஹனாயா.

ஊர்ஜனங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அதுவரை படம் முழுக்க பிளாக் அண்ட் ஒயிட். கத்தி இறங்குகிறது. தலை உருளுகிறது. ஒன்பது தரம். கண் சிமிட்டுகிறது. மூன்று தரம். அப்புறம் ஒரு புன்னகை. அந்த நிமிஷத்தில் திரை கலராக மாறுகிறது! கிழவர் லியூ அளந்த கதையை நாம் ஜோக் என்று நினைத்துச் சிரித்தோமே, அது இங்கே வந்து தொண்டையை அடைக்கிறது.

'கதை பூராவும் சொல்லிட்டீரே!' என்று கோபிக்காதீர்கள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டே பார்த்தால்தான், அந்த முதல் பாதி சிரிப்புகளுக்கு அடியில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

2000-ம் வருஷம் கான் திரைப்பட விழாவில் இதற்கு 'கிராண்ட் ப்ரீ' விருது. அங்கே இரண்டாவது பெரிய பரிசு அது. சொந்த நாட்டில் என்ன பரிசு? தடை! உரிய அனுமதி பெறாமல் விழாவுக்குக் கொண்டு போய்விட்டார் என்பது ஒரு குற்றச்சாட்டு. அது மேலுக்கு. நிஜமான எரிச்சல் வேறு. கிராமத்துக்காரர்கள் ஜப்பான்காரனை ஏன் போதுமான அளவு வெறுக்கவில்லை? எதிரிக்கு ஏன் கொழுக்கட்டை ஊட்டுகிறார்கள்? போராடுகிற ஜனங்கள் எங்கே?

இந்தக் கேள்விகளின் கோபம் புரிய வேண்டுமானால் சீன ரசிகர்கள் எதைப் பார்த்து வளர்ந்தார்கள் என்று தெரிய வேண்டும். 'கண்ணிவெடி யுத்தம்' 1962-ல் வந்தது, 'சுரங்க யுத்தம்' 1965-ல். இரண்டும் ராணுவத்தின் சொந்த சினிமா ஸ்டுடியோ தயாரிப்பு. அதிலும் இதே மாதிரி வட சீனக் கிராமங்கள்தான், இதே ஜப்பான்காரர்கள்தான். ஆனால் அங்கே கிராமத்து ஆள் ஒவ்வொருத்தரும் சூரர். வீட்டுக்கு வீடு சுரங்கம் வெட்டி, வயலெல்லாம் வெடி புதைத்து, பிசாசுகளைத் திண்டாட வைப்பார்கள். ஜப்பான்காரன் மீசை வைத்த கோமாளி. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கைதட்டியிருக்கின்றன. சுரங்கம் வெட்டின கிராமங்கள் நிஜமாகவும் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லாக் கிராமத்திலுமா வெட்டினார்கள்? வெட்டாத கிராமத்தில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்கு ஒரு படம் கிடையாது. ஜியாங் வென் எடுத்துவிட்டார்.

இவர் ஏதோ ஜப்பான் அபிமானி என்று நினைத்துவிடப் போகிறீர்கள். 1987-ல் ஜாங் யிமோ எடுத்த 'ரெட் ஸார்கம்' படத்தில் ஜப்பான்காரன்மேல் சாராய ஜாடியைத் தூக்கி வீசுகிற முரட்டு ஹீரோ இதே ஜியாங் வென்தான். அந்த வீரத்தை நடித்துப் பார்த்துவிட்டு வந்த ஆள், பதிமூன்று வருஷம் கழித்து மாவு கடன் வாங்குகிற கோழையாக நடித்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தான் டைரக்ட் செய்த அடுத்த படத்தை அவரால் 2007-ல்தான் கொண்டுவர முடிந்தது.

ஹனாயாவாக வந்தவர் காகவா தெருயுகி என்கிற ஜப்பானிய நடிகர். படப்பிடிப்பில் பட்ட பாட்டை டைரியாக எழுதி ஜப்பானில் புத்தகமாகவே போட்டுவிட்டார். படமும் ஜப்பானில் 2002-ல் ரிலீஸ் ஆயிற்று. இதே காகவா 2013-ல் 'ஹன்ஸாவா நாவோகி' என்ற டி.வி. தொடரில் ஒரு வங்கியின் பெரிய அதிகாரியாக வந்து, ஜப்பானிய ஆபீஸ் ஊழியர்கள் எல்லாருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டார். க்ளைமாக்ஸில் எல்லார் முன்னாலும் மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைத்து மன்னிப்புக் கேட்கிற காட்சியை, நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்து ரசித்ததாம். மேலதிகாரி தரையில் விழுந்தால் எந்த நாட்டு குமாஸ்தாவுக்குத்தான் ஆனந்தம் வராது!

பார்க்க நினைக்கிறவர்கள் ஒன்று கவனியுங்கள். கானில் காட்டியது 162 நிமிஷம். 139 நிமிஷத்துக்குச் சுருக்கிய பிரதியும் உண்டு. சுருக்கியதைப் பார்க்காதீர்கள், கூட்டத்தில் எல்லாரும் கத்துகிற காட்சிகள்தான் உயிர். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்தார் உங்கள் வீட்டில் பாகப்பிரிவினை நடக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு உட்காருங்கள்.

அப்புறம், மூட்டைகளைக் கொடுத்த அந்த 'நான்' யார் என்று கடைசி வரை தேடிப் பார்த்தேன். படத்தில் அவன் திரும்பி வரவே இல்லை.